முப்பதாயிரத்து முப்பத்தொன்று

“…வரிசைக்கு ஐந்நூத்தி ஒம்பது கல்லு, மொத்தம் அம்பத்தொம்பது வரிசை. ஒண்ணு மிஞ்சலை, ஒண்ணு கொறையலை. நாங்களா ஒண்ணும் பண்ணலைங்கய்யா, சார் போட்ட கணக்குதான். இப்போ சார் வெளிய வரணும்னா இதும்மேல நடந்துதான் வரணும். கல்லுமேல காலை வெச்சவன் வூட்டுக்குப் போகணுமாம். அதுவும் சார் போட்ட சட்டந்தான்.”

திருவொற்றியூரில் ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவே இருந்த எங்கள் யார்டின் வாசலில் நின்றுகொண்டு அக்கா இதைச் சொன்னாள். சொந்த அக்கா இல்லை. கேங்குக்கு அவள்தான் மேஸ்திரி, எல்லோருக்கும் அக்கா. யார்டுக்குப் பக்கத்துக் குப்பத்துக்காரி, நாற்பது வயதிருக்கும். கேட்டுக்கொண்டு நின்றவர் ஹெட் ஆபீசிலிருந்து காரில் வந்த மேனேஜர். ‘சார்’ என்று அவள் சொன்னது எங்கள் சூப்பர்வைசரை. அவர் யார்டின் அந்தக் கோடியில், தன் அறை வாசலில், வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இவர்களுக்கும் அவருக்கும் நடுவில் நூற்றுத் தொண்ணூறடி நீளத்துக்கு வெள்ளைக் கல். ஒரே ஒரு கல் உயரம். கோரைப்பாய் விரித்த மாதிரி சுவரிலிருந்து சுவர் வரை கல்.

எனக்கு அப்போது முப்பது வயது. யார்டில் டாலி எழுதுபவன். அதாவது, வண்டியிலிருந்து இறங்குகிற கல்லை எண்ணிச் சீட்டில் குறிப்பவன். அந்த நேரத்தில் என் நெஞ்சு எவ்வளவு குளிர்ந்தது என்று சொன்னால் நீங்கள் என்னை நல்லவன் என்று நினைக்க மாட்டீர்கள். நினைக்க வேண்டாம். அந்த ஆள்மேல் எனக்கிருந்த வன்மம் அப்படி. அதற்குக் காரணம் இருந்தது.

ஐம்பதுகளின் தொடக்கம். ஃபேக்டரி உலைகளுக்கு உள்ளே பதிக்கிற வெள்ளைச் செங்கல் கப்பலில் வரும். பயர்கல் என்போம். துறைமுகத்திலிருந்து மாட்டு வண்டியில் ராயபுரம் வழியாக எங்கள் யார்டுக்கு வரும். ஒரு தடவை வந்து சேர்கிற சரக்கு ஒரு லாட். உடைந்ததை ஒதுக்கி, முழுசை எண்ணி, அடுக்கி வைக்க வேண்டும். பெண்கள் தலையில் சுமந்து வருவார்கள், ஆண்கள் அடுக்குவார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் சரியாக ஒரு கட்டமாக அடுக்கி, மிஞ்சுகிற ஒன்றையும் இரண்டையும் கட்டத்தின் தலையில் உட்கார வைப்போம். அதற்குப் பிள்ளைக்கல் என்று பேர். “பிள்ளை எத்தினி?” என்று கேட்டால் “மூணு” என்போம். அவ்வளவுதான் விஷயம். காலங்காலமாக யாருக்கும் அதில் ஒரு கஷ்டமும் இல்லை.

இந்த சூப்பர்வைசர் வந்தார். காலேஜில் கணக்குப் படித்தவர் என்று முதல் நாளே அவர் வாயாலேயே தெரிந்துகொண்டோம். சாயங்காலம் ஒரு பிரம்போடு வருவார். கட்டத்தின் மூன்று ஓரத்தையும் பிரம்பால் தொட்டு எண்ணுவார், பெருக்குவார், எழுதுவார். மேலே பிள்ளைக்கல் உட்கார்ந்திருந்தால் அவருக்கு ஆகாது.

“இதென்ன கொசுறு? கட்டம் என்றால் கட்டம். மிச்சம் வந்தால் எண்ணியவனுக்குப் புத்தி சரியில்லை, அடுக்கியவனுக்குக் கை சரியில்லை. இனி ஒரு லாட் வந்தால் ஒரே கட்டம். தலையில் ஒன்றும் இருக்கக் கூடாது. அடுக்கின கல்லை ஒருத்தரும் மிதிக்கக் கூடாது. மிதித்தால் அன்றே வீட்டுக்கு.”

அக்கா என் பக்கம் சாய்ந்து, “இவுரு பெத்தாகூட ரெட்டையாத்தான் பெத்துக்குவாரு போல கீது” என்றாள். அவள் பேச்சை நான் அப்போதெல்லாம் சிகரெட் அட்டையின் பின்புறம் எழுதி வைத்துக்கொள்வேன். சூப்பர்வைசர் சிரித்தால் “எண்ணூர் உப்பளத்துல மழை பேஞ்சாப்ல கீது” என்பாள். உப்பு காய்கிற இடத்தில் மழை பெய்தால் என்ன ஆகும் என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நாலாயிரத்து இருநூற்று ஒரு கல் வந்தால் யார் என்ன செய்ய முடியும்? அது கட்டத்துக்கு அடங்குகிற எண்ணா என்று கப்பல்காரன் பார்த்தா அனுப்புகிறான்? அதனால் எங்கள் ஆட்கள் ஒரு வழி கண்டார்கள். மிஞ்சுகிற கல்லை மதிலோரத்து மணலில் புதைத்து வைப்பது. அடுத்த லாட்டில் ஒன்றிரண்டு குறைந்தால் தோண்டி எடுத்து நிரப்புவது. கல் யார்டை விட்டு வெளியே போனதே இல்லை. கேங்கில் பதினாலு பேருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

ஒரு நாள் அவருடைய பிரம்பு மணலில் குத்தி ‘டக்’ என்றது. அன்றைக்கு அந்தக் கல்லைப் புதைத்தது அக்காவின் அண்ணன். எங்கள் கேங்கிலேயே அவர் அடுக்குகிற கட்டத்துக்குத்தான் நூல் பிடிக்க வேண்டாம், கண்ணே போதும்.

“யார் வைத்தது?”

“நான்தாங்க.”

“வேறு யாருக்குத் தெரியும்?”

அவர் எங்களைப் பார்க்கவே இல்லை. “யாருக்கும் தெரியாதுங்க.”

“கம்பெனிக் கல்லைத் திருடிப் புதைத்து வைத்திருக்கிறாய். திருடன். போ வெளியே.”

ஒரு கல்! ஒற்றைப் பயர்கல்லைத் திருடி ஒரு மனுஷன் என்ன உலை கட்டப் போகிறான்? அதைக் கேட்டிருக்க வேண்டியவன் நான். டாலி என் கையில். மொத்தம் சரியாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு தரையைப் பார்த்தேன். பதினாலு பேரும் தரையைப் பார்த்தோம். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அந்த வாசல் வழியாகப் போனார்.

அதன்பின் அவர் சொந்தக்காரர்களோடு கட்டுமரத்தில் போக ஆரம்பித்தார். ரோட்டோர டீக்கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார். குப்பத்தில் எவனாவது எதையாவது காணோம் என்றால் “மணலைத் தோண்டிப் பாரு” என்று சிரிப்பார்களாம். அக்கா இதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

“நைனா, நீ அன்னிக்குக் கம்முனு நின்னே. நானும் நின்னேன். அத்த வுடு. அந்தாளு வாயால எங்கண்ணன் திருடன் இல்லேன்னு சொல்லணும். சொல்ற வரிக்கும், மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்கு என்னைத் தூக்கிக்கினு போற வரிக்கும், நான் வுடமாட்டேன். நீதான் கணக்குப் புலி ஆச்சே, எதுனா பண்ணு.”

நான் புலியும் இல்லை, பூனையும் இல்லை. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. ஆனால் எண்களோடு பேசிக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கும். மனிதர்கள் மாதிரியே அவற்றிலும் சில எல்லோரோடும் ஒத்துப்போகும், சில யாரோடும் சேராது. ஒரு எண்ணின் இலக்கங்களைக் கூட்டிப் பார்த்தால் மூன்றால் போகுமா என்று தெரிந்துவிடும். ஆயிரத்தொன்றை வைத்து விளையாடியபோது எனக்கே கிடைத்தது ஒன்று உண்டு. ஆயிரத்தொன்று என்பது ஏழும் பதினொன்றும் பதிமூன்றும் பெருக்கி வருவது. அதனால் ஒரு பெரிய எண்ணின் கடைசி மூன்று இலக்கத்திலிருந்து அதற்கு முன்னால் நிற்பதைக் கழித்தால், வருகிற சின்ன எண்ணை வைத்தே ஏழு, பதினொன்று, பதிமூன்று மூன்றுக்கும் ஒரே அடியில் பதில் சொல்லலாம். இதைக் கண்டுபிடித்த அன்று யாரிடமாவது சொல்ல வேண்டுமே என்று மாட்டுவண்டிக்காரனிடம் சொன்னேன். அவன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே, “சர்தான்” என்றான்.

அந்த வித்தையெல்லாம் இப்போது ஒரே காரியத்துக்கு. எதற்கும் அடங்காத ஒரு எண் வர வேண்டும். முழு லாட்டும் யார்டில் இருக்க வேண்டும், கட்டம் போட வழியே இருக்கக் கூடாது, இந்தக் காலேஜ்காரர் எல்லோர் முன்னாலும் ‘முடியாது’ என்று சொல்ல வேண்டும். முடியாது என்று சொன்னால் பிள்ளைக்கல்லை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒப்புக்கொண்டால் அண்ணனைத் துரத்தியது தப்பு. நான்கு மாதம் ஒவ்வொரு லாட்டாக மோப்பம் பிடித்தேன். ஒன்று இரட்டைப்படை, ஒன்று ஐந்தில் முடியும், ஒன்று மூன்றால் போகும். மனசு கசந்துவிடும்.

பிறகு அந்த லாட் வந்தது. யார்டில் பழைய கல்லெல்லாம் கிளம்பிப் போய்க் காலியாக இருந்த நேரம். வண்டிகள் வாசலுக்கு வெளியே ரோட்டோர மணலில் இறக்கின. உடைசலைக் கழித்து எண்ணினேன். முப்பதாயிரத்து முப்பத்தொன்று. ஒரு கல்லை நான் கூட்டவில்லை, குறைக்கவில்லை, இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். இன்னொரு முறை எண்ணினேன். அதே எண்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். சோற்றைத் தொடாமல் கணக்குப் போட்டேன். ஒற்றைப்படை, ஆக இரண்டு போச்சு. இலக்கங்களைக் கூட்டினால் ஏழு, ஆக மூன்று போச்சு. ஐந்து பார்க்கவே வேண்டாம். கடைசி மூன்று இலக்கம் முப்பத்தொன்று, முன்னால் நிற்பது முப்பது, கழித்தால் ஒன்று. ஏழுக்கு ஒன்று மிச்சம், பதினொன்றுக்கு ஒன்று மிச்சம், பதிமூன்றுக்கு ஒன்று மிச்சம். திரும்பிப் பார்த்தால் இரண்டுக்கும் ஒன்று, மூன்றுக்கும் ஒன்று, ஐந்துக்கும் ஒன்று! உடம்பு சிலிர்த்துவிட்டது. அதில் ஒரே ஒரு கல்லை எடுத்துவிட்டால் முப்பதாயிரத்து முப்பது. அது ஆறு பேரையும் வரிசையாகப் பெருக்கி வருகிற எண். பதிமூன்று உயரம், ஐம்பத்தைந்து நீளம், நாற்பத்திரண்டு அகலம் என்று லட்டு மாதிரி கட்டம் போடலாம், இன்னும் எத்தனை விதமாகவோ போடலாம். ஊரோடு ஒத்துப்போகிற எண். அந்த ஒற்றைக் கல் வந்து உட்கார்ந்ததும் ஒருவரோடும் சேராது.

சீட்டை எழுதி, சூப்பர்வைசர் பார்க்கும் முன்னால் ஹெட் ஆபீசுக்குப் போகிற வண்டியில் கொடுத்தனுப்பினேன். இனி ஒரு கல்லை உடைத்து உடைசலில் போட்டு அவர் தப்பிக்க முடியாது.

“அக்கா, கிடைச்சிட்டுது. இதை எவனாலயும் கட்டம் போட முடியாது.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

இங்கேதான் நான் மண்ணைக் கவ்வினேன். என்னிடமிருந்த வாய்ப்பாடு பதினாறோடு முடிகிற வாய்ப்பாடு. பதினாறு வரை எதற்கும் அடங்காதது அதற்கு மேல் எதற்கு அடங்கப் போகிறது என்று முடிவு கட்டிவிட்டேன். எனக்குத் தெரிந்த ஊரோடு உலகம் முடிந்துவிட்டது என்கிற புத்தி.

சூப்பர்வைசரிடம் அக்கா போய், “ஒரே கட்டம் வரலை சார், ஒண்ணு மிஞ்சுது. எப்டி அடுக்கறதுன்னு நீங்களே சொல்லிக் குடுங்க” என்றாள். குரலில் தேன்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். உப்பளத்து மழை. நாற்காலியை வாசலில் போட்டு, மடியில் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பதினேழு, பத்தொன்பது, இருபத்து மூன்று என்று முணுமுணுத்துக்கொண்டே வகுத்தார். நேரம் போயிற்று. எங்கள் ஆட்கள் வெற்றிலையை மென்றுகொண்டு வேடிக்கை பார்த்தார்கள். நாற்பத்து மூன்றுக்கு வந்தபோது அவர் நெற்றியில் வியர்வை. நாற்பத்தேழு, ஐம்பத்து மூன்று. முடிந்தான் என்று நான் நினைத்தேன். திடீரென்று பென்சிலால் தொடையில் தட்டினார்.

“ஐம்பத்தொன்பது! ஐம்பத்தொன்பதை ஐந்நூற்று ஒன்பதால் பெருக்கிப் பார், டாலி கிளார்க்! உன் ஐந்தாம் கிளாஸ் வாத்தியார் சொல்லித் தரவில்லையா?”

பெருக்கிப் பார்த்தேன். முப்பதாயிரத்து முப்பத்தொன்று. ஒன்றும் மிஞ்சவில்லை. அவர் அதைக் கண்டுபிடித்தது எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சத்தியம் வேறு செய்திருந்தேன். அக்காவின் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை.

அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் இருபது வருஷம் கல் சுமந்தவள்.

“உசரம் எத்தினி சார்?”

“என்ன?”

“நீளம் ஐந்நூத்தி ஒம்பது. அகலம் அம்பத்தொம்பது. உசரம்?”

அவர் காகிதத்தைப் பார்த்தார். நானும் அப்போதுதான் பார்த்தேன். ஐம்பத்தொன்பதை உடைக்க முடியாது, ஐந்நூற்று ஒன்பதையும் உடைக்க முடியாது. இரண்டும் யாரோடும் சேராத ஜாதி. கட்டத்துக்கு மூன்று ஓரம் வேண்டும், இந்த எண்ணிடம் இருப்பதோ இரண்டு. மூன்றாவது ஓரம் ஒன்று. அதை உயரமாக வைத்தால் யார்டு முழுக்கக் கல் பாய். ஐம்பத்தொன்பதை உயரமாக நிறுத்தினால், இரண்டு ஆள் உயரத்துக்கு ஒற்றைக் கல் கனத்தில் ஒரு சுவர், கடற்காற்றில் அன்றே விழும்.

“ஒன்று” என்றார்.

“ஒண்ணா?”

“ஒன்றுதான். கட்டம் கட்டம்தான். சொன்னதைச் செய்.”

இன்னொரு ஆளாக இருந்தால் அங்கேயே சிரித்துவிட்டு, ‘சரி, ஒன்றைத் தலையில் வையுங்கள்’ என்றிருப்பான். இவர் எங்கள் முன்னால் இறங்கி வர மாட்டார். அந்தப் பிடிவாதத்தை நான் கணக்கில் எடுத்திருக்கவில்லை. அக்கா எடுத்திருந்தாள்.

“சார் சொன்னா சரி. நீங்க படிச்சவரு” என்றாள். என் பக்கம் வரும்போது, “அழுவாதே நைனா. உன் கணக்கு புட்டுக்கினாலும் நல்ல எடத்துலதான் புட்டுக்கினுகீது” என்றாள்.

கல்லைக் குறுக்கில் போட்டால் நூற்றுத் தொண்ணூறடி நீளம், நாற்பத்து நாலடி அகலம். யார்டு இருநூறடிக்கு நாற்பத்து நாலரை அடி. மூன்று நாள் விரித்தோம். அவர் அறைக்குப் போய்வர நடுவில் ஒரு சந்து மட்டும் விட்டிருந்தோம். மூன்றாம் நாள் மத்தியானம் அவர் டிபன் கேரியரைத் திறந்து, சாப்பிட்டு, வழக்கம்போல் நாற்காலியில் கண்ணயர்ந்தார்.

“சந்தை அடைங்கடி. சத்தம் வரப்படாது” என்றாள் அக்கா.

பெண்கள் பூ வைப்பதுபோல் வைத்தார்கள். அறை வாசற்படியில் தொடங்கிப் பின்னாலேயே நகர்ந்து யார்டு வாசல் வரை வந்தோம். இதற்குள் அடுத்த லாட் ஏற்றிய வண்டிகள் வந்து ரோட்டில் வரிசையாக நின்றுவிட்டன. இறக்கினால் உள்ளே கொண்டுபோக இடமில்லை. மாடுகள் வெயிலில் வாலாட்டிக்கொண்டிருந்தன. ஹெட் ஆபீசுக்கு யார் போய்ச் சொன்னது என்று கேட்காதீர்கள். வண்டிக்காரர்களில் ஒருவன் எனக்குத் தோஸ்து.

மேனேஜர் காரை ரோட்டிலேயே விட்டு இறங்கினார். “இதென்ன, தரை போடுகிறீர்களா?” என்றார். அப்போதுதான் அக்கா நான் மேலே எழுதியதைச் சொன்னாள்.

அவர் ரொம்ப நேரம் அந்த வெள்ளைப் பரப்பைப் பார்த்தார். “மிச்சத்தை மேலே வைத்தால் என்ன?” என்று மெதுவாகக் கேட்டார்.

“வெச்சிக்கினுதாங்க இருந்தோம். கூடாதுன்னாரு. மண்ணுல பொதைச்சு வெச்சோம். எங்கண்ணனைத் திருடன்னு வெரட்டிட்டாரு.”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். இந்தத் தடவை நான் தரையைப் பார்க்கவில்லை. “எங்கள் எல்லோருக்கும் தெரியும் ஐயா. கல் ஒன்றுகூட வெளியே போனதில்லை. என் டாலியைப் பாருங்கள். அவர் எங்களைக் காட்டிக் கொடுக்காமல் போனார். நான் வாயைத் திறக்காமல் நின்றேன்” என்றேன்.

மேனேஜர் கையைத் தட்டி அந்தக் கோடியில் நின்றவரைக் கூப்பிட்டார். சூப்பர்வைசர் குனிந்தார், நிமிர்ந்தார், இரண்டு பக்கமும் பார்த்தார். பின்னால் மதில். செருப்போடு மிதித்தால் தப்பு இன்னும் பெரிது என்று நினைத்தாரோ என்னவோ, அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். மத்தியான வெயிலில் காய்ந்த பயர்கல்லின்மேல் வெறுங்காலோடு அவர் நூற்றுத் தொண்ணூறடி நடந்து வந்ததை நாங்கள் எல்லோரும் கண் கொட்டாமல் பார்த்தோம். பாதி வழியில் குதிக்க ஆரம்பித்தார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது.

“அந்த ஆளை நாளையிலிருந்து வரச் சொல்லுங்கள். அவர் திருடவில்லை” என்றார் மேனேஜர்.

“சரி சார்” என்றார் சூப்பர்வைசர். அக்காவிடம், முகத்தைப் பார்க்காமல், “உன் அண்ணனை வரச் சொல்” என்றார்.

“நான் சொன்னா வராதுங்க. திருடன்னு சொன்ன வாய்தான் வந்து கூப்புடணும்.”

மேனேஜர் கார்க் கதவைத் திறந்துகொண்டே, “போய்க் கூப்பிட்டு வாருங்கள்” என்றார். அவ்வளவுதான்.

யார்டிலிருந்து குப்பத்துக்கு மணல் வழியே ஐந்து நிமிஷம். அக்கா அவரை அந்த வழியாகக் கூட்டிப் போகவில்லை. ரோட்டு வழியாக, டீக்கடை முன்னால், ரேஷன் கடைக் கும்பலின் நடுவே, மீன் விற்கிற சந்து முழுக்க, முன்னால் நடந்தாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, நொண்டிக்கொண்டு பின்னால் நடந்தார். நானும் போனேன், விடுவேனா?

“யாரும்மா இது?” என்று ஒரு மீன்காரம்மா கேட்டாள்.

“எங்க யார்டு சாரு. எங்கண்ணன் திருடலேன்னு சொல்லிக் கூட்டிக்கினு போக வந்துகீறாரு. சொல்லுங்க சார், அவங்களுக்குக் காது கேக்காது, கொஞ்சம் ஒரக்கா.”

அவர் சொன்னார். டீக்கடையிலும் சொன்னார். வலை காயப்போட்டிருந்த இடத்தில் ஏழெட்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மணலைத் தோண்டச் சொல்லிச் சிரித்தவர்கள் அவர்கள்தான். அங்கே அக்கா அவரை இரண்டு தடவை சொல்ல வைத்தாள்.

வீட்டு வாசலுக்கு வந்தோம். கதவு திறந்திருந்தது, உள்ளே ஆள் இல்லை.

“எங்கே உன் அண்ணன்?” என்றார் அவர்.

“கடலுக்குப் போயிகீது சார். விடிகாலையிலயே போச்சு. காத்து திரும்பினாத்தான் வரும்.”

“இதை முன்னாலேயே சொல்லக் கூடாதா?”

“நீங்க கேக்கலியே சார்.”

அக்கா ஒரு மீன் கூடையை எடுத்தாள். நிழலை விட்டு நாலடி தள்ளி, எல்லோரும் போகிற வருகிற பாதையில் அதைக் கவிழ்த்துப் போட்டு, முந்தானையால் துடைத்து, “குந்துங்க சார்” என்றாள். அவர் உட்காரும்வரை நின்று பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.